சனிக்கிழமைப் படலம்

இன்று காலை எழுந்ததுமே நல்லெண்ணெய் வாசம். அம்மா இரண்டு மிளகைப் போட்டுக் காய்ச்சி, கிண்ணத்தோடு வந்து நின்றார். "நாளைக்குத் தேச்சுக்கறேம்மா" என்றேன். "சனிக்கெழமைய உட்டுப்போட்டு ஞாயித்துக்கெழம எண்ணெ தேய்க்கறவன் இந்த ஓமலூர்லயே நீ ஒருத்தந்தான் சாமி" என்று அலுத்துக்கொண்டார். அதற்குக் காரணம் நீ என்பது அவருக்குத் தெரியும். உன் பேரை எடுக்காமல் உள்ளே போய்விட்டார்.

நாம் ஒரே மேடத்திடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர்கள். மேட்டூரிலிருந்து நீ வரும் பஸ்ஸில்தான் நானும் ஏறுவேன். ஆய்வகத்தில் நமக்கென்று கிடைத்தது ஒரு சின்ன டெஃப்லான் தொட்டி. அதில் தண்ணீர் நிரப்பி, சிலிக்கா நானோதுகள்களைச் சொட்டுச் சொட்டாக மேலே விட்டு, இரண்டு பக்கத் தடுப்புகளையும் மெல்ல நெருக்க வேண்டும். துகள்கள் நெருங்கி நீரின் மேல் படலமாகும்போது கணினித் திரையில் அழுத்தக் கோடு மேலேறும். இன்னும் நெருக்கினால் பாலாடை போலச் சுருக்கம் விழும். தடுப்பைத் திறந்தால் படலம் பாளம் பாளமாகப் பிளந்துவிடும்.

என் கைக்கு மட்டும் சில நாள் அது பிளக்கவில்லை. நெருக்கினால் சுருங்கியது, விட்டால் பழையபடி விரிந்தது. புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டோம் என்று எனக்குக் கால் தரையில் படவில்லை. இருவர் பெயரையும் போட்டு நம் முதல் கட்டுரையை அனுப்பியாயிற்று.

அடுத்த வாரம் நீ என் நோட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டாய்.

"மாப்ள, நீ என்னிக்கு எண்ணெ தேச்சுக் குளிப்ப?"

"சனிக்கெழம. ஏண்டா?"

"நல்லா வந்ததெல்லாம் சனிக்கெழமதான். தேதியப் பாரு."

உனக்குப் பொறாமை என்று கத்தினேன். கட்டுரையில் உன் பெயரும் இருப்பதுகூட அப்போது உறைக்கவில்லை. மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. நீ விடுவாயா? அந்தச் சனிக்கிழமை துகளே விடாமல், வெறும் தண்ணீரில் தடுப்புகளை நெருக்கி என்னை ஓட்டச் சொன்னாய். ஏறவே கூடாத கோடு ஏறியது. திங்கட்கிழமை அதையே மறுபடி செய்யச் சொன்னாய். கோடு அசையவில்லை. கையுறை போட்ட கையால் நான் தலையைக் கோதிவிட்டுத் தொட்டிக்குப் போவதை நீ அதற்கு முன்பே கவனித்திருக்கிறாய். துகள்களுக்கு நடுவே நழுவிக்கொண்டிருந்தது எங்கள் வீட்டு நல்லெண்ணெய்!

மேடத்திடம் என்னை மாட்டிவிடப் போகிறாய் என்று பயந்தேன். நீயோ, "எங்க ரெண்டு பேர் தப்புங்க மேடம். கட்டுரையத் திருப்பி வாங்கிக்கறோங்க" என்றாய். அந்தக் கட்டுரைக்கான ஒரு சோதனைகூட நீ செய்ததில்லை. வாங்கிய திட்டில் சரிபாதி உனக்கும் கிடைத்தது. வெளியே வந்ததும், "போலாம் வா, டீ குடிக்கலாம்" என்றாய். அன்றைக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. இருவருக்கும் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. நீ அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. உன்னைப்போல் ஒருவனை நான் அப்புறம் பார்க்கவே இல்லை.

போன மாசியில் மாரடைப்பு என்று உன் தம்பி போன் செய்தான். மேட்டூரில் உன் வீட்டு வாசலில், உன் தலைக்கு எண்ணெய் சீயக்காய் வைக்க என்னையும் கூப்பிட்டார்கள். வரிசையில் நின்று, புறங்கையால் தொட்டு வைத்தேன். செவ்வாய்க்கிழமை. கிழமை பார்க்கும் பழக்கம் நீ ஏற்படுத்தியது.

இப்போது அந்த ஆய்வகம் என் பொறுப்பில் இருக்கிறது. வெறும் தண்ணீரை ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் யாரையும் துகளைத் தொட விடுவதில்லை. உன்னை அடக்கம் செய்த மறுநாளும் போனேன். உனக்கு எண்ணெய் வைத்த கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவி, புதுக் கையுறை மாட்டி, தலையைத் தொடாமல் தண்ணீரை ஓட்டினேன்.

கோடு அசையவே இல்லை. அன்று ஒரு நாளாவது ஒரு நூலளவு ஏறியிருக்கக் கூடாதா என்று அழுதேனடா.