தூக்கச் சோதனை

அன்பு மகளுக்கு,

நேற்று நீ சோதனைக் கட்டிலில் படுத்தபோது நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை என்று கோபித்துக்கொண்டாய். பத்தொன்பது வருடமாக நான் அங்கே யார் முகத்தையும் பார்ப்பதில்லை. ஊசி போட்டுத் தூங்க வைப்போம். தூக்கத்தில் நம் மொழியில் உளறுகிறவர்கள் இங்கேயே கிடக்க வேண்டியதுதான். நம்மை ஆளும் கிரகத்துக்கு மற்றவர்கள் குடிபோகலாம். இந்தச் சோதனையில் எனக்கு என்றைக்கும் நம்பிக்கை இருந்ததில்லை. வேலை என்று செய்தேன்.

உதவியாளர் காபி வாங்கக் கிளம்பும்போது, "உங்க பொண்ணு குறட்டையாவது அவங்க பாஷையில விடுறாளான்னு பாருங்க மேடம்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஆறு வருடமாக நீ என்னிடம்கூட அவர்கள் மொழியில்தான் பேசுகிறாய். அவர் போன பிறகு, தூக்கத்தில், நம் மொழியில் சொன்னாய்: "அம்மா, லைட்டை அணைம்மா, கண்ணு கூசுது."

எழுந்து விளக்கை அணைத்தேன். பிறகு தாளில் 'பேசவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். உள்ளதை எழுதியிருந்தால் நீ என்னோடு இருந்திருப்பாய். அதையும் கொஞ்ச நேரம் யோசித்தேன்.

ஸ்வெட்டர் பெட்டியின் அடியில் இருக்கிறது. அங்கே விடுதியில் தனி அறை கேட்டு வாங்கு. கதவைத் தாழிட்டுத் தூங்கு.

உன்
அம்மா