தீவின் தலைக்கு மேலே

மார்ச் 4

மாப்பிள்ளை வேலை பார்க்கும் தீவுக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம். கல்யாணப் பேச்சின்போது அவரே சொன்னது. வானிலை நிலையத்தில் உத்தியோகம், அடக்கமான பேச்சு, நம்பினேன். மகளுக்கு இப்போது நிறைமாதம். பிரசவத்தின்போது பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும் என்று மனைவி துடிக்கிறாள். இன்று டிக்கெட் எடுக்க உட்கார்ந்தேன். அந்தத் தீவில் விமான நிலையமே இல்லை.

கல்லூரியில் நான் நடத்துவது புவியியல். யாரிடமும் சொல்லவேண்டாம்.

மார்ச் 5

மாப்பிள்ளையைத் தொலைபேசியில் அழைத்தேன். குரலை உயர்த்தாமல், ஒரு சொல்லையும் வீணாக்காமல் திட்டினேன். ஏதோ இணையதளத்தில் பார்த்தாராம்: ஆயிரத்து நானூறு கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். வரைபடத்தில் நேர்கோடு இழுத்து விமானத்தின் வேகத்தால் வகுத்திருக்கிறார்கள். இந்த முறையில் நிலாவுக்கும் நேரம் சொல்லலாம். தீவின் தலைக்கு மேலே குறித்த நேரத்தில் போய்விடலாம், அதன்பிறகு குதிக்கவேண்டியதுதான்.

“அது தூரத்துக்கான கணக்கு மாமா. போறதுக்கான கணக்கு வேற.” மழை வரும் என்று அறிவிக்கும் அதே குரல்.

உண்மையான வழி: பெரிய தீவு வரை விமானம். பிறகு கப்பல், கடல் மனம் வைத்தால்.

மார்ச் 6

மனைவி மாப்பிள்ளை கட்சி. “நீங்க பாடம் நடத்துற வரைபடத்த ஒரு தடவ திருப்பிப் பாத்திருக்கலாமே.”

பெட்டியைக் கட்டினேன்.

மார்ச் 9

பெரிய தீவின் துறைமுகம். காற்று சரியில்லை, கப்பல் கிளம்பாது என்கிறார்கள். அந்த எச்சரிக்கையை வெளியிட்டது யார் என்று விசாரித்தேன்.

மாப்பிள்ளையின் நிலையம்.

மார்ச் 10

கிளம்பவில்லை.

மார்ச் 11

பேத்தி பிறந்துவிட்டாள். தாயும் சேயும் நலம். மனைவி துறைமுகக் காத்திருப்பு அறையில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். இந்த ஒன்றைத்தானே கேட்டாள்? அந்த ஆளை — வேண்டாம், எழுத்திலாவது மரியாதை இருக்கட்டும்.

ஏன் இருக்கணும்? அயோக்கியன்.

எழுதியபின் கொஞ்சம் இதமாக இருக்கிறது.

மார்ச் 13

கப்பலில் குடல் மட்டும்தான் வெளியே வரவில்லை. மாப்பிள்ளைக்காக நான்கு வாக்கியங்கள் செதுக்கி வைத்திருந்தேன். கரையில் வாயைத் திறந்திருந்தால் வாக்கியம் வந்திருக்காது. அவர் என் பெட்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

மாலையில் நான்கையும் மகளிடம் கொட்டினேன். குழந்தையைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

“நான்தாம்ப்பா கல்யாணப் பேச்சப்போ அப்படிச் சொல்லச் சொன்னேன். கப்பல்னு தெரிஞ்சா என்னை அனுப்பியிருப்பீங்களா?”

மாட்டேன். சத்தியமாக மாட்டேன்.

“இவ்வளவு திட்டுறேன், அவரு வாயத் திறந்து சொல்லவேண்டியதுதானே?”

“சொன்னா என்னைத் திட்டுவீங்கல்ல. பிரசவம் முடியட்டும்னு இருந்துட்டாரு.”

நான்கு வாக்கியங்களும் வீண். நல்ல வாக்கியங்கள்.

மார்ச் 29

மனைவி மூன்று மாதம் அங்கேயே இருப்பாளாம். நான் மட்டும் திரும்பிவிட்டேன். இன்று அவளுடைய அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து, கண்ணெல்லாம் கலவரமாக, கண்காணாத இடத்தில் தங்கையை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்களே, எவ்வளவு தூரம் அது என்று கேட்டார்.

“பக்கந்தான்,” என்றேன். “ஃபிளைட்ல ரெண்டு மணி நேரம்.”