அந்தோணியின் முழங்கால்

12 ஆகஸ்ட் 1934, ஞாயிறு. இரவு 9.40. எங்கள் கால்பந்து அணியில் ஆட்டக்காரர் பதினொருவர். மாற்றுக்கு ஒருவர்கூடக் கிடையாது.

ஆட்டம் முடிந்து சைதாப்பேட்டை காப்பிக் கடையில் எல்லோரும் கோச்சைத் திட்டினார்கள்.

"வீங்கின காலோட அந்தோணிய எறக்கினானே, கண்ணு இன்னா அவிஞ்சிப்போச்சா?"

"வேற ஆளு எங்க கீறான், நைனா?"

நான் குனிந்து காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தேன். பத்துப் பேரோடு ஆடலாம் என்றுதான் கோச் சொன்னார். இன்ஜினியரிங் படித்த நான்தான் முழங்காலை அமுக்கிப் பார்த்து, இறுக்கிக் கட்டி, "தாங்கும்" என்றேன். அது முறிந்த சத்தம் இன்னும் கேட்கிறது. கட்டுமரத்தில் அந்தக் காலை ஊன்றித்தான் அவன் பிழைக்கிறான்.

1. விடிந்ததும் பாலவாக்கம் போய் அவனைப் பார்ப்பது.
2. சாயங்காலம் அதே கடையில், கட்டியது நான் என்று சொல்வது.
3. "தாங்கும்னு சொன்னியே, சார்" என்று அவன் கேட்டால், என்ன பதில் சொல்வதென்று இப்போதே யோசிப்பது.