ஒன்பது வருஷ அரபி

நவ. 11, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. திருப்பாதிரிப்புலியூர் கடைக்குள் ஒரே ஈரம். தையல் மிஷின் பெல்ட் நழுவுகிறது. மூன்று ஜாக்கெட் பாக்கி. டீச்சரம்மாவுடையதில் கைக்குழி பிரித்துத் தைக்க வேண்டும்.

பதினொரு மணிக்கு வாட்ஸப்பில் வெளிநாட்டு நம்பர். படத்தைப் பார்த்ததும் கத்தரிக்கோலைக் கீழே போட்டேன். நூரா! குவைத்தில் வீட்டு வேலைக்குப் போனபோது நான் வளர்த்த பிள்ளை. பிறந்ததிலிருந்து ஆறு வயது வரை என் இடுப்பில் இருந்தவள். இப்போது பதினெட்டு. மகள் கவிதா ஃபேஸ்புக்கில் போட்ட எங்கள் பழைய போட்டோவையும் அனுப்பியிருந்தாள், அதை வைத்துத்தான் என்னைப் பிடித்திருக்கிறாள்.

ஒரு நிமிஷ வாய்ஸ் மெசேஜ். அரபி. நாலு தடவை கேட்டேன். 'யும்மா' மட்டும் புரிந்தது. அம்மா.

வீட்டுக்காரர் டீயோடு எதிரே.

"என்னா சொல்லுது?"

"அவுங்கம்மா என்னை விசாரிச்சாங்களாம்."

வாயில் வந்ததைச் சொன்னேன். அரபி எனக்குத் தண்ணி பட்ட பாடு என்று பன்னிரண்டு வருஷமாக அளந்தவள். அவர் முன்னால் எப்படித் தெரியாது என்பது?

பதிலும் பேசி அனுப்பினேன். "ஜெய்ன் ஜெய்ன், வாயித் ஜெய்ன்!" நல்லது, ரொம்ப நல்லது. கூடவே ஒரு சிரிப்பு. அந்த வீட்டில் முதல் வருஷம் எது புரியாவிட்டாலும் அதுதான் என் பதில். மேடம் திட்டினால்கூட ஜெய்ன்.

நவ. 12, புதன்

மழை விட்டது. நூராவிடமிருந்து பதில் இல்லை. கேட்டுவிட்டாள், நீல டிக் விழுந்திருக்கிறது.

பீரோவின் அடியிலிருந்து குவைத் நோட்டை எடுத்தேன். பக்கம் பக்கமாக அரபிச் சொற்கள், தமிழ் எழுத்தில். ஒன்றுக்குக்கூட அர்த்தம் எழுதவில்லை. அன்றைக்கு அர்த்தம் தெரியும், சத்தம்தான் நழுவும். இன்றைக்குச் சத்தமெல்லாம் அப்படியே இருக்கிறது, அர்த்தம் போயே போய்விட்டது. புத்தி கெட்டவள் நான்.

மண்டையை உடைத்துக்கொண்டதில் தேறியவை: கழுவு. கொண்டு வா. மூடு. சீக்கிரம். இஸ்திரி போடு. அத்தனையும் வேலை ஏவுகிற சொல். ஒன்பது வருஷத்தில் மிஞ்சியது இவ்வளவுதானா?

வீடு மறக்கவில்லை. மாடிப்படி பத்தொன்பது. நூராவின் பால் எவ்வளவு சூடு என்று விரலுக்கு இன்னும் தெரியும். நான் ஏர்போர்ட்டுக்குப் புறப்பட்ட அன்று என் காலைக் கட்டிக்கொண்டாள். மேடம் முன்னால்தான் அரபி, நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தால் தமிழ். அழாதே, நாளைக்கு வந்துடுவேன் என்று புளுகினேன். "நாளைக்கு? நாளைக்கு?" என்று கேட்டுக்கொண்டே கார் வரை வந்தாள்.

நவ. 13, வியாழன்

இருப்புக்கொள்ளவில்லை. கவிதா ஹாஸ்டலுக்குப் பலகாரம் என்று வீட்டில் சாக்கு சொல்லிவிட்டுச் சிதம்பரம் பஸ். இறங்கி நேரே மூக்குக்கண்ணாடிக் கடை பாயிடம். இருபது வருஷம் குவைத்தில் இருந்தவர்.

போனைக் காதில் வைத்துக் கேட்டார். முகம் மாறியது. மறுபடியும் கேட்டார்.

"ஏம்மா, இதுக்கு நீ எதுனா பதில் போட்டியா?"

போட்டுக் காட்டினேன். என் சிரிப்பு கடை முழுக்கக் கேட்டது.

"யா அல்லாஹ்! அவுங்கம்மா மவுத்தாயிட்டாங்கம்மா. போன வாரம். கடைசில ஒம் பேரச் சொல்லித்தான் கூப்புட்டாங்களாம். அதச் சொல்லணும்னு ஒன்னத் தேடித் தேடிப் புடிச்சிருக்கு அந்தப் பொண்ணு."

பாய் என்னை ஸ்டூலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். தாயைப் பறிகொடுத்த பிள்ளையிடம் ரொம்ப நல்லது என்று சிரித்திருக்கிறேன். ஐயோ. ஐயோ. இந்த நாக்கை அறுத்துப் போட்டால் என்ன?

"நான் வேணா பேசிச் சொல்லட்டுமா?"

"வேணாம் பாய். நானே சொல்லிக்கிறேன்."

இறந்தவர்களுக்காகச் சொல்வது, 'அல்லாஹ் யர்ஹம்ஹா'. சீட்டில் எழுதிக் கொடுத்தார். பக்கத்திலேயே அர்த்தத்தையும் எழுதிக்கொண்டேன். அவர்மீது இறைவன் இரக்கம் காட்டட்டும்.

கவிதாவைப் பார்க்காமலே திரும்பிவிட்டேன். பலகாரம் பையிலேயே.

நவ. 14, வெள்ளி

நல்ல வெயில். கடை திறக்கவில்லை. வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கேலி செய்வார் என்று பயந்தேன். "மொதல்ல அந்தப் புள்ளைக்கு போனப் போடு" என்றார்.

வீடியோ கால். எடுத்தாள். மேடத்தின் அதே மூக்கு. முகம் இறுகிக் கிடந்தது. சீட்டைப் பார்த்துப் படித்தேன், இரண்டு தடவை. அதற்கு மேல் என்னிடம் அரபி இல்லை. "மறந்துட்டன்டி கண்ணு, எல்லாம் மறந்துட்டேன். புரியாமத்தான் சிரிச்சுட்டேன்" என்று தமிழிலேயே அழுதேன். அவளுக்கு என்ன புரிந்திருக்கும்?

என்னையே பார்த்தாள். அரபியில் ஏதோ ஆரம்பித்து நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு எதையோ தேடினாள். முந்தாநாள் நோட்டோடு நான் பட்ட பாடு அது.

பிறகு ஒரே ஒரு தமிழ்ச் சொல்.

"நாளைக்கு?"

வாய்வரை ஜெய்ன் வந்தது. விழுங்கிவிட்டேன்.