கூட்டி வைத்த டார்ச்

வெளிச்ச மகராசனுக்கு,

என் பாக்கெட் டார்ச்சை முழு வெளிச்சத்துக்கு மாற்றி வைத்தது நீங்கள்தானே? வேலை அவசரத்தில் நானும் கவனிக்கவில்லை. நேற்று லிஃப்ட் குழிக்குள், ஏணியில் நிற்கும்போது பொசுக்கென்று அணைந்துவிட்டது. மேலேயிருந்து ஆள் விளக்கோடு வரும்வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கேட்டால், "உனக்கு நல்லாத் தெரியட்டுமேன்னுதான் கூட்டி வெச்சேன்" என்கிறீர்கள். முழு வெளிச்சம் அரை மணி நேரம்கூடத் தாங்காது. குறைந்த வெளிச்சம்தான் வேலை முடியும்வரை நிற்கும். லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பது நானா, நீங்களா?

சோறு அடுப்பின்மேல் இருக்கிறது. சூடு பண்ணத் தெரியும்தானே?

பி.கு.: மாடிப்படி பல்பு எரியவில்லை. நான் வர நேரமாகும். பழைய டார்ச்சைப் படிக் கைப்பிடியில் கட்டி வையுங்கள். குறைந்த வெளிச்சத்தில். நான் வீடு வந்து சேரும்வரை அது எரிய வேண்டும்.