படத்தின் ஓரத்தில் உன் பெயர்

அன்பு மகள் ஸ்ரீமதிக்கு, ஆமத்தூரிலிருந்து அம்மா எழுதுவது. மங்களூரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொண்டே தொடங்குகிறேன். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் உன் குரலைக் கேட்டால் சொல்லாமலே வைத்துவிடுவேன், அதனால்தான் கடிதம்.

தங்கை அருணா பத்தாவது படிக்கிறாள் என்று இத்தனை மாதமாக உன்னிடம் சொன்னது பொய். அப்பா தவறிப்போன பிறகு, நர்சிங் படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று நீ போனில் அழுதாயே, பக்கத்தில் இருந்து அதைக் கேட்டவள் மறுநாள் பள்ளிக்கூடப் பையை எடுக்கவில்லை. அக்கா படிக்கட்டும்மா, தீபாவளி சீசன் வரைக்கும்தானே என்று திருத்தங்கல் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் பெட்டி ஒட்டப் போனாள். பதினெட்டு ஆகாதவளை எடுக்கமாட்டார்கள் என்று உன் பள்ளிச் சான்றிதழ் நகலைக் கொடுத்தனுப்பியது நான். விண்ணப்பத்தை நிரப்பியதும் நான்தான். நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நானல்லவா, ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். அங்கே அவள் பெயர் ஸ்ரீமதி, வயது பத்தொன்பது.

போன திங்கட்கிழமை அதிகாரிகள் கம்பெனிக்குச் சோதனைக்கு வந்து, அவள் முகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, வயது பார்க்க விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். என்னையும் வரச் சொன்னார்கள். பல்லைப் படம் எடுத்தால் வயது தெரிந்துவிடுமாம், எனக்கு அது தெரியாது. ஸ்ரீமதி, ஸ்ரீமதி என்று மூன்று தடவை கூப்பிட்டும் அவள் எழுந்திருக்கவில்லை. பிறகு தோட்டைக் கழற்றி என் கையில் தந்துவிட்டுப் போய், ஒரு பிளாஸ்டிக் குச்சியை முன்பல்லால் கடித்துக்கொண்டு நின்றாள். மிஷின் தலையைச் சுற்ற ஆரம்பித்ததும் மிரண்டுவிட்டாள். கதவுக்கு வெளியே நின்ற நான் என்னை மறந்து, அருணா, ஆடாம நில்லு தாயி என்று கத்திவிட்டேன். கூட வந்த அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

பல் டாக்டர் சின்னப் பெண்தான். படத்தைக் காட்டினார், கடைசிக் கடைவாய்ப் பல் ஈறுக்குள்ளேயே கிடந்தது. இன்னும் வேரே விடலக்கா, பதினஞ்சுதான் இருக்கும், இவளப் போயி பத்தொன்பதுங்கீகளே என்றார். படத்தின் ஓரத்தில் உன் பெயர் அச்சாகியிருந்தது.

இப்போது அவள் காப்பகத்தில் இருக்கிறாள். நேற்றுப் பார்க்கப் போனேன். இங்கன எல்லாரும் ஸ்ரீமதின்னே கூப்புடுறாகம்மா, அக்கா மாதிரியே கோவம் கோவமா வருது என்று சிரித்தாள். கிளம்பும்போதுதான், அக்காட்ட மட்டும் சொல்லிராத, அது படிப்ப விட்டுட்டு வந்துரும் என்றாள்.

வியாழக்கிழமை குழந்தைகள் நலக் குழுவில் விசாரணை. பிள்ளையே சான்றிதழை எடுத்துட்டுப் போச்சுன்னு சொல்லிருங்க, உங்க மேல கேஸ் வராது என்கிறார் கம்பெனி போர்மேன் முனியராஜ். அவளும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள். நான் கொடுத்தேன் என்று சொன்னால் அவளை என்னிடம் விடமாட்டார்களோ என்று பயமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் போகிறேன். அவளைத் திருடியாக்கி வீட்டுக்குக் கூட்டி வந்து நான் என்ன செய்ய?

நீ பரீட்சையை விட்டுவிட்டு ஓடி வராதே. நன்றாக இரு, நல்ல பெயர் எடு. அவளுக்கு ஒரு கடிதம் போடு, முகவரி பின்பக்கம் இருக்கிறது. உறையின் மேல் அருணாதேவி என்று முழுப் பெயராக எழுது, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உங்கள் இருவரையும் பெற்ற
பத்திரகாளி