ஒன்பதாவது குச்சி

அக்கா, வெள்ளையடிப்பதற்காக உன் அறையின் மரப்பெட்டியை இன்று காலை நகர்த்தியபோது, சுவரோரத்தில் அந்த ஒன்பதாவது குச்சி கிடந்தது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத வெள்ளைப் பிளாஸ்டிக் குச்சி. நம் தோப்பில் முந்திரி பூத்திருக்கிறது; சன்னல் வழியாக அந்த மணம் வந்துகொண்டிருந்தது. குச்சியை உள்ளங்கையில் வைத்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. நேரத்தைக் குறிக்காமல் நான் நிற்பது அரிது என்பதை நீ அறிவாய்.

முதலில் சோர்ந்தது உன் வலது கை. கொட்டை பொறுக்கும்போது விரலிலிருந்து நழுவுகிறது என்றாய். பிறகு தோள், பிறகு மற்றக் கை. தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாக அழிகின்றன, தடுத்து நிறுத்த மருந்து இல்லை என்று பெரிய மருத்துவமனையில் சொன்னார்கள். அந்த அழிவுக்குக் காரணம் தேடும் ஆய்வுக்குழு ஒன்று அங்கே இருந்தது. அதிலிருந்த பெண் மருத்துவர், நரம்பு செல்லுக்குள் ஒரு புரதம் கட்டிகட்டியாகச் சேர்வதைத் தாளில் வரைந்து காட்டினார். கட்டி சேர்வதால் செல் சாகிறதா, சாகத் தொடங்கிய செல்லில்தான் கட்டி சேர்கிறதா என்பது உறுதியாகவில்லை. தசையைத் தொடும் நுனி முதலில் கெடுகிறதா, தண்டுவடத்தில் இருக்கும் செல் முதலில் கெடுகிறதா என்பதும் அப்படித்தான் என்றார்.

நீ அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாய்: "கடைமடை காயுது. கம்மாயில தண்ணி இல்லையா, வாய்க்கா தூந்துபோச்சா? அதானங்க தெரியணும்?"

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "அதேதாங்கம்மா. எங்களுக்கும் அதுதான் தெரியல."

"அப்ப என்னையும் சேத்துக்கங்க. எனக்கு ஆகாதுன்னு தெரியும். பொறவு வர்றவளுக்காச்சும் ஆகட்டும்."

ஒன்பது துளையிட்ட பலகை, ஒன்பது குச்சிகள், ஒரு நிறுத்துக் கடிகாரம், அச்சிட்ட விதிகள் எல்லாம் தந்தனுப்பினார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு, காலை பத்து மணி. குச்சிகளை ஒவ்வொன்றாகச் செருகி, ஒவ்வொன்றாக எடுக்க ஆகும் நொடிகளை நான் குறித்து அனுப்ப வேண்டும்; நீ மாதாமாதம் ரத்தமும் கொடுக்க வேண்டும். பார்ப்பவர் உதவக் கூடாது. அவருடைய கைகள் மடியில் இருக்க வேண்டும். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரையிடும் உத்தியோகத்தில் இருப்பவன் நான். விதிகள் எனக்குப் பாரமாகும் என்று எண்ணவில்லை.

அந்தக் காலைகள் இப்போது ஒரே காலையாகத் தெரிகின்றன. சாய்ந்த வெயில், அதில் மிதக்கும் தூசு, வற்றிய கண்மாயில் கொக்குகள் நிற்பதுபோல் பலகையில் நிற்கும் குச்சிகள். சில இரவுகளில் உன் நரம்புக்குள்ளேயே நடப்பதாகக் கனவு வரும். நீண்ட வாய்க்கால். ஈரம் எனக்கு முன்னே பின்வாங்கிக்கொண்டே போகும். அது எங்கிருந்து வற்றுகிறது என்று காண்பதற்குள் விழித்துவிடுவேன்.

ஒரு ஞாயிறு, எழுபத்தொரு நொடிகள் ஆயின. "எம்புட்டுடா?" என்றாய். அந்தக் குரலில் இருந்த ஆசையை என்னால் தாண்ட முடியவில்லை.

"அம்பத்தெட்டு" என்றேன். அதையே எழுதியும் அனுப்பினேன்.

"போன மாசத்துக்கு இது தேவலடா" என்று அன்று இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டாய்.

அடுத்த வாரம் மருத்துவர் அழைத்தார். கைப்பேசி உனக்கும் கேட்கும்படி வைத்திருந்தேன். "அக்காவுக்குக் கொஞ்சம் நின்ன மாதிரி இருக்கு சார். புதுசா எதாச்சும் சாப்பிடுறாங்களா? நாட்டு மருந்து? இந்த மாச ரத்தத்தத் தனியாப் பாக்கப் போறோம்."

கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். நீ என்னையே பார்த்தாய். "நெசமாவே அம்பத்தெட்டாடா?"

உண்மையைச் சொன்னேன்.

"கடைக்காரன் அஞ்சு கிராம் கொறச்சா கேஸ் எழுதுறவன் நீ. எனக்குப் பதிமூணு நொடி கொறச்சுப் போட்ருக்க" என்று சிரித்தாய். பிறகு சிரிக்கவில்லை. "அந்த டாக்டர் புள்ள இப்ப இல்லாத வாய்க்கால்ல தண்ணியத் தேடும். போன் போடு."

"நம்மள ஆய்வுலேர்ந்தே நீக்கிருவாங்கக்கா."

"நீக்குனா நீக்கட்டும். போடுடா."

அழைத்து, நடந்ததை மருத்துவரிடம் சொல்லி முடித்தேன். நீ கண்ணை மூடியிருந்தாய். "அந்த ஒரு மாசத்த மட்டும் எடுத்துர்றோம் சார். இன்னொரு தடவ ஆச்சுன்னா, அக்கா கொடுத்தது மொத்தமும் வீணாயிரும்" என்றார். அப்போதுதான் நீ மூச்சுவிட்டாய்.

அதன்பின் நான் ஒரு நொடியும் மாற்றவில்லை. கடைசி ஞாயிறன்று ஒன்பதாவது குச்சி உன் விரலிலிருந்து நழுவி உருண்டது. என் கை தானாக எழுந்தது. பேச்சு குழறும் நிலையிலும், "கைய மடியில வைடா" என்றாய். கடிகாரம் ஓடியது. 'முடிவுறவில்லை' என்று எழுதினேன். பிறகு தேடியும் குச்சி கிடைக்கவில்லை. நீ போன பின்பு, எட்டுக் குச்சிகளோடும் கையொப்பமிட்ட விளக்கத்தோடும் பலகையைத் திருப்பி அனுப்பினேன்.

அன்று எடுக்கக் கூடாததை இன்று எடுத்துவிட்டேன். உறையில் முகவரி எழுதியாயிற்று; நாளை தபாலில் சேர்ப்பேன். குச்சி அவர்களுடையது. வாய்க்காலா கண்மாயா என்று அவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நீ கொடுத்த உண்மையான எண்கள் அவர்களிடம் இருக்கின்றன.

நான் குறைத்த பதிமூன்று நொடிகள் மட்டும் என்னிடம் இருக்கின்றன, அக்கா. முதல் ஞாயிறுதோறும் பத்து மணிக்கு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவை தீரும்வரை உன் எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.